டிஜிட்டல் மாணவர் விவரத்தொகுப்பு: கல்லூரியிடமா, பொதுக் களஞ்சியத்திலா, மாணவர் கையிலா?

ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் கல்லூரிகளோ, தமக்குள் உடன்பாடு செய்துகொண்ட பல பல்கலைக்கழகங்களோ தங்கள் மாணவர்களுக்குப் பொதுவான டிஜிட்டல் விவரத்தொகுப்பை உருவாக்க முற்படும்போது, பேச்சு பெரும்பாலும் எந்த மென்பொருளை வாங்குவது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. விற்பனைக் குழுவினர் வந்து திரையில் காட்டிவிட்டுப் போன பிறகு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒரு பக்கமும், கணினிப் பிரிவு ஒரு பக்கமும், துறைத்தலைவர்கள் இன்னொரு பக்கமுமாக நின்றுவிடுகிறார்கள். மாணவரைப் பற்றிய தகவல் யாரிடம் இருக்க வேண்டும், கேட்டால் யார் கொடுப்பது, தவறு நேர்ந்தால் யார் திருத்துவது என்ற பொறுப்புப் பங்கீட்டை முடிவுசெய்யாமல் மென்பொருளைப் பற்றிப் பேசுவதால் வரும் முடக்கம் இது. அந்தப் பங்கீட்டுக்கு இன்று நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றை ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

## தொகுப்பில் எதையெல்லாம் சேர்க்கிறோம்?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பு, தொகுப்புக்குள் போகும் தகவல்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு வரும் எந்த ஒப்பீடும் குழம்பிப்போகும்.

முதல் வகை, நிறுவனம் பொறுப்பேற்றுச் சான்றளிப்பவை: சேர்க்கை, படித்த பாடங்கள், கிரெடிட்டுகள் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளிகள்), மதிப்பெண்கள், பட்டம். இவை அளவில் சிறியவை என்றாலும், முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் வந்து கேட்கக்கூடியவை. இரண்டாம் வகை, மாணவர் தாமே சேர்ப்பவை: செய்த திட்டப்பணிகள், பயிற்சிப்பணி, வெளியில் பெற்ற சான்றிதழ்கள், தேர்விலும் வகுப்பிலும் தமக்குத் தேவைப்படும் உதவிகள். மூன்றாம் வகை, கற்றல் மேலாண்மை அமைப்புகள் தாமாகவே பதிவுசெய்பவை: மாணவர் எப்போது லாகின் செய்தார், எந்தக் காணொளியைப் பாதியில் நிறுத்தினார், ஒப்படைப்பைக் கெடு முடிவதற்கு எத்தனை நிமிடம் முன்பு பதிவேற்றினார் என்பன. கற்றல் செயல்பாடுகளைப் பதிவுசெய்யும் முறையை வகுக்கும் எக்ஸ்ஏபிஐ தரநிலையின் முதல் பதிப்பு 2013இல் வந்த பிறகு, இத்தகைய தகவலை ‘இவர் இதைச் செய்தார்’ என்ற சிறு பதிவுகளாகப் பல அமைப்புகளிலிருந்தும் திரட்டி ஓரிடத்தில் சேமிப்பது எளிதாகிவிட்டது. எளிதாக இருப்பதாலேயே, யாரும் கேட்காமல் அது விவரத்தொகுப்புக்குள் நுழைந்தும் விடுகிறது.

மூன்றாம் வகையைப் பற்றிய என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது உருவான கல்லூரியை விட்டு வெளியே போகக் கூடாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ அமைப்பு, மாணவரின் மதிப்பெண்ணையும் இணையவழிச் செயல்பாட்டையும் கணக்கிட்டு, அவர் பாடத்தில் தேறுவாரா என்பதைச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளாகக் காட்டியது. அதைப் பயன்படுத்திய பாடங்களைப் படித்தவர்களிடையே இடைநிற்றல் குறைந்ததாகச் சொல்லப்பட்ட கணக்கு 2013இல் கேள்விக்குள்ளானது. நெடுங்காலம் படிப்பைத் தொடர்பவர்களுக்குத்தான் அத்தகைய பாடங்களை அதிகம் எடுக்கும் வாய்ப்பே கிடைக்கிறது என்பதால், காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம் என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். உருவான இடத்திலேயே இவ்வளவு சர்ச்சைக்குரிய ஒரு விளக்கு, மாணவருடன் அடுத்த பல்கலைக்கழகத்துக்கும் போய், அவரை இன்னும் பார்த்திராத ஆசிரியரின் திரையில் முதல் நாளே சிவப்பாக எரிவதை நியாயப்படுத்த முடியாது. எனவே கீழே வரும் ஒப்பீடு முதல் இரண்டு வகைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

அடையாளப் பொருத்தம். இரண்டு நிறுவனங்களின் பதிவேடுகளில் இருப்பவர் ஒரே ஆள்தானா என்பதை எப்படி உறுதிசெய்வது? ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், இன்னோரிடத்தில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அது விரித்து எழுதப்பட்டிருக்கும். குடும்பப் பெயரே இல்லாதவரிடம் படிவம் அதைக் கட்டாயமாகக் கேட்டிருந்தால், சிலர் தம் பெயரையே இருமுறை நிரப்பியிருப்பார்கள். பிறந்த தேதியைச் சேர்த்துப் பார்த்தாலும் மீதம் நிற்கும் பதிவுகளை ஒருவர் உட்கார்ந்து கையால்தான் தீர்க்க வேண்டும்.

திருத்தம். வெளியே போய்விட்ட தகவல் தவறென்று பின்னர் தெரிந்தால் என்ன நடக்கும்? ஒரு மாணவர் 46 மதிப்பெண் பெற்றுத் தோல்வியடைந்ததாகப் பதிவாகி, அது வேறு கல்லூரிக்கும் அனுப்பப்பட்டுவிட்டது; ஆறு வாரம் கழித்து மறுமதிப்பீட்டில் அது 53 ஆகிறது. பழைய 46 எங்கெல்லாம் உறைந்து கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எந்த வழியைச் சொல்பவரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

ஒப்புதல். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை அதற்குப் பொருந்தாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும், ஒப்புதல் சுதந்திரமாகத் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் அதன் அடிப்படைகள். கையெழுத்திடாவிட்டால் சேர்க்கை இல்லை என்ற நிலையில் பெறப்படும் படிவத்தை ஒப்புதல் என்று அழைப்பது வெறும் சம்பிரதாயம்.

நீடிப்பு. ஒப்பந்தம் முடிந்தாலும், நிறுவனம் இணைக்கப்பட்டாலும், கல்லூரி மூடப்பட்டாலும் பதிவுகள் சரிபார்க்கத்தக்கவையாக இருக்குமா?

ஊழியர் உழைப்பு. திட்ட மதிப்பீட்டில் மிகக் குறைவாகக் காட்டப்படுவது இதுவே. ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். ஒவ்வொன்றும் பொதுவாக 25 முதல் 30 மணிநேர உழைப்பைக் குறிக்கும். அமெரிக்கப் பருவமுறையில் அதே ஓராண்டு வழக்கமாக 30 கிரெடிட்டாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டால் வகுப்பதைக் கணினி செய்துவிடும். ஆனால் அங்கே படித்த புள்ளியியல் பாடம் இங்குள்ள புள்ளியியல் பாடத்துக்கு ஈடா என்பதைப் பாடக்குழு கூடித்தான் முடிவுசெய்ய வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வேலை குறையப்போவதில்லை.

## வழி 1: அவரவர் பதிவேடு அவரவரிடம், தேவைப்படும்போது பரிமாற்றம்

ஒவ்வொரு நிறுவனமும் தன் மாணவர் தகவல் அமைப்பையே மூலப் பதிவாக வைத்துக்கொண்டு, மாணவர் இடம் மாறும்போது மட்டும் ஒப்புக்கொண்ட வடிவத்தில் தகவலை அனுப்பும் முறை இது. ஐரோப்பாவில் தொடங்கிய எம்ரெக்ஸ் வலையமைப்பு இதன் நல்ல எடுத்துக்காட்டு. சேரவிருக்கும் நிறுவனத்தின் தளத்திலிருந்தே மாணவர் தம் பழைய நிறுவனத்துக்குள் லாகின் செய்து, தம் தேர்வு முடிவுகளைப் பார்த்து, அனுப்ப வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். நடுவில் எந்தக் களஞ்சியமும் இல்லை.

திருத்தத்தில் இந்த வழி வலுவானது. மூலப் பதிவு ஒன்றே என்பதால், மறுமதிப்பீட்டுக்குப் பிறகு கேட்பவருக்கு 53 தான் கிடைக்கும். முன்பே அனுப்பியதை மட்டும் மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கும். ஒப்புதலும் தெளிவானது, ஏனெனில் மாணவர் தாமே தொடங்காமல் எதுவும் நகராது.

மறைந்திருக்கும் செலவு இணைப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பொது வடிவத்தை ஏற்காமல் இருவர் இருவராக உடன்பாடு செய்துகொண்டால், ஐந்து நிறுவனங்களுக்குப் பத்து இணைப்புகள், இருபதுக்கு நூற்றுத்தொண்ணூறு. பொது வடிவம் இருந்தாலும், ஒரு கல்லூரி தன் அமைப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பாடக்குறியீடு மாறி, மறுபக்கத்தில் வெற்றுக் கட்டங்கள் வந்து நிற்கும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒருவர் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மதிப்பெண்களை மீண்டும் தட்டச்சு செய்யும் நிலை இந்த வழியில் எளிதில் திரும்பிவரும். அப்படித் திரும்பியதை யாரும் அறிக்கையில் எழுத மாட்டார்கள்.

பங்கேற்கும் நிறுவனங்கள் சில என்றால், ஆண்டுக்கு இடம் மாறும் மாணவர்கள் குறைவு என்றால், ஒவ்வொன்றிலும் ஓரளவு திறமையான கணினிப் பிரிவு இருக்கிறது என்றால் இதைவிட்டு வேறெதையும் தேட வேண்டியதில்லை.

## வழி 2: அனைவருக்கும் பொதுவான களஞ்சியம்

அரசோ, பல்கலைக்கழகக் கூட்டமைப்போ நடத்தும் ஒரே தளத்தில் எல்லா நிறுவனங்களும் பதிவேற்றுகின்றன. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களின் ‘மை ஈக்குவல்ஸ்’ தளமும், இந்தியாவில் 2021இல் விதிமுறை பெற்ற கல்விசார் கிரெடிட் வங்கியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவதில் ஒரு நல்ல கட்டுப்பாடு இருக்கிறது: கிரெடிட்டுகளைப் பதிவுபெற்ற நிறுவனங்கள் மட்டுமே செலுத்த முடியும், மாணவரிடமிருந்து நேரடியாக எந்த ஆவணமும் ஏற்கப்படுவதில்லை. களஞ்சியத்தின் நம்பகத்தன்மை இத்தகைய குறுகலான வாசலில்தான் இருக்கிறது. அதே வாசல், மாணவர் தாமே சேர்க்க விரும்பும் இரண்டாம் வகைத் தகவல்களை வெளியே நிறுத்திவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடையாளப் பொருத்தத்தில் இந்த வழிக்கு இணையில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் நிலையான ஓர் எண் வழங்கிவிட்டால், அதன் பிறகு சேர்பவர்களுக்குப் பெயர்க்குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். ஏற்கெனவே படித்து முடித்தவர்களின் பதிவுகளை அந்த எண்ணுடன் இணைப்பதுதான் திட்டத்தின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை விழுங்கும் வேலை. சிறு கல்லூரிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு: சர்வர், காப்பு நகல், பாதுகாப்பு ஆகிய சுமைகள் அவற்றின் தோளிலிருந்து இறங்குகின்றன.

திருத்தம் இங்கே தடுமாறுகிறது. கல்லூரியில் 53 என்று திருத்தப்பட்டது, பதிவேற்றும் ஊழியர் மறந்தால் களஞ்சியத்தில் 46 ஆகவே நிற்கும். மாணவர் களஞ்சியத்திடம் முறையிட்டால் அது கல்லூரியைக் கைகாட்டும். கல்லூரி, தன் பதிவு சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லும். திருத்தத்துக்குக் கெடு, அதற்குப் பொறுப்பான பதவி, நிலுவையில் உள்ள பதிவைப் பயன்படுத்தக் கூடாது என்ற தடை ஆகிய மூன்றும் விதிமுறையிலேயே எழுதப்பட வேண்டும்.

இதைவிடப் பெரிய அபாயம் நோக்கம் விரிவதாகும். தகவல் ஓரிடத்தில் குவிந்துவிட்டால், அதைக் கொண்டு இன்னும் என்னென்ன செய்யலாம் என்ற யோசனைகள் தாமாகவே வரத் தொடங்கும். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களின் தகவலை மாநிலங்களுக்கிடையே பொதுவாகத் திரட்டுவதற்குச் சுமார் 10 கோடி டாலர் நிதியுதவியுடன் தொடங்கிய இன்ப்ளூம், தகவல் யாருக்கெல்லாம் போகும் என்ற பெற்றோரின் கேள்விக்கு அவர்கள் ஏற்கும்படியான பதிலைத் தர முடியாமல், மாநிலங்கள் விலகியதால் 2014இல் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்தது. தொழில்நுட்பம் அங்கே தோற்கவில்லை.

பங்கேற்பு சட்டப்படி கட்டாயமாக இருக்கும் இடங்களிலும், கிரெடிட் இடமாற்றம் பெரிய அளவில் நடக்கும் இடங்களிலும், நிறுவனங்கள் மூடப்படும் வாய்ப்பு உள்ள இடங்களிலும் இதுவே சிறந்தது. கடைசிச் சூழல் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மூடப்பட்ட கல்லூரியின் முன்னாள் மாணவருக்குப் பொதுக் களஞ்சியத்தைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

## வழி 3: மாணவர் கையில் இருக்கும் டிஜிட்டல் வாலட்

நிறுவனம் டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றை மாணவரின் வாலட்டுக்கு, அதாவது சான்றுகளைச் சேமித்துவைக்கும் கைபேசிச் செயலிக்கு, கொடுத்துவிடுகிறது. மாணவர் விரும்பியவரிடம் விரும்பிய பகுதியைக் காட்டுகிறார். பார்ப்பவர் கல்லூரிக்குத் தொலைபேசி செய்யாமலேயே கையொப்பத்தைச் சரிபார்த்துக்கொள்கிறார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2017இல் 111 பட்டதாரிகளுக்கு இப்படிப்பட்ட பட்டத்தைப் பெறும் வாய்ப்பைச் சோதனை முறையில் அளித்தது. இன்று இதற்கு அடித்தளமாக இருப்பது, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சரிபார்க்கத்தக்க சான்றுகளுக்கான தரநிலை, அதன் 2.0 பதிப்பு 2025 மே மாதம் பரிந்துரையாக வெளிவந்தது. பெற்ற திறன்களை ‘பேட்ஜ்’ எனும் டிஜிட்டல் முத்திரைகளாகக் காட்டுவதற்கு மொசில்லா 2011இல் தொடங்கிய ஓப்பன் பேட்ஜஸின் 3.0 பதிப்பும் அதே அடித்தளத்துக்கு மாறியிருப்பதால், கல்லூரிக்கு வெளியே பெற்ற பயிற்சிச் சான்றும் பல்கலைக்கழகப் பட்டமும் ஒரே வாலட்டில் அருகருகே இருக்க முடியும்.

ஒப்புதல் என்ற அளவுகோலில் இது மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. பார்வைக் குறைபாடோ, கற்றல் குறைபாடோ உள்ள ஒரு மாணவர், ஒவ்வொரு புதிய நிறுவனத்திலும் தம் மருத்துவ அறிக்கையை முதலிலிருந்து எடுத்துக்காட்டி விளக்க வேண்டியிருக்கிறது. ‘தேர்வில் 25 விழுக்காடு கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்டவர்’ என்ற வரியை மட்டும் கையொப்பமிட்ட சான்றாக அவர் காட்ட முடிந்தால், நோயின் பெயர் தேர்வு அறைக் கண்காணிப்பாளர்வரை போக வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், மாணவர்களுக்கிடையே பகிரும் பேட்ஜ் படங்களைவிட இந்த ஒரு வரிக்காகவே வாலட்டை நடைமுறைப்படுத்தலாம்.

மறைச்செலவுகள் இங்கேதான் அதிகம். 46 மதிப்பெண் கொண்ட பழைய சான்று மாணவரின் கைபேசியில் கையொப்பத்துடன் அப்படியே இருக்கிறது. அது செல்லாது என்பதைக் காட்டும் நிலைப் பட்டியலை நிறுவனம் தொடர்ந்து வெளியிட வேண்டும், பார்ப்பவரும் அதைச் சோதிக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் குறியீடான கையொப்பச் சாவியைப் பாதுகாப்பதும், சாவியை மாற்றினால் பழைய சான்றுகள் தொடர்ந்து செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்வதும் பதிவாளர் அலுவலகத்துக்குப் புதிய கடமைகள். நிறுவனத்தின் பெயரோ இணைய முகவரியோ மாறும்போது, சரிபார்ப்புக்கான பக்கம் காணாமல் போவது நடக்கக்கூடியது. கைபேசி தொலைந்தால் மறுவழங்கல் கவுண்டரில் வரிசை நிற்கும். சான்றைப் பெறும் பக்கமும் தயாராக இருக்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர் கடைசியில் “அதை பிடிஎஃப்பாக மின்னஞ்சல் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

மாணவர்கள் பல நாடுகளுக்குச் செல்பவர்களாக இருந்தாலும், குறுகிய காலப் படிப்புகள் பலவற்றைப் பல இடங்களில் முடிப்பவர்களாக இருந்தாலும், நிறுவனங்களுக்கிடையே பொது அதிகாரம் ஏதும் இல்லாவிட்டாலும் இந்த வழி பொருந்தும்.

## வழி 4: வாடகைக்கு எடுத்த தனியார் தளம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரைவில் தொடங்கலாம், திரைகள் அழகாக இருக்கும், மாணவரின் திட்டப்பணிகளைக் காட்டும் இரண்டாம் வகைத் தகவலுக்கு இத்தகைய தளங்கள் உண்மையிலேயே பயன்படும். கட்டணம் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டுதோறும் வருவதால், படித்து முடித்தவர்களின் பதிவுகளுக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி மூன்றாம் ஆண்டு வாக்கில் எழும். ஒப்பந்தம் முடியும்போது தகவல் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதையும், அதன் பிறகு தளத்தில் எஞ்சியவை அழிக்கப்பட்டதற்கு என்ன சான்று தரப்படும் என்பதையும் கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்க வேண்டும். மூலப் பதிவை ஒருபோதும் இங்கே மட்டும் வைக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அவரவரிடம் | பொதுக் களஞ்சியம் | வாலட் | தனியார் தளம் |
|---|---|---|---|---|
| அடையாளப் பொருத்தம் | பலவீனம் | மிக வலிமை | சான்றை வழங்கும்போது சரியாக இருந்தால் போதும் | நிறுவனம் தரும் பட்டியலைப் பொறுத்தது |
| திருத்தம் | எளிது | விதிமுறை இருந்தால் மட்டும் | நிலைப் பட்டியல் தேவை | கல்லூரியிலும் தளத்திலும் இருமுறை |
| ஒப்புதல் | தெளிவு | விரிவாகும் அபாயம் | மாணவர் கையில் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது |
| நீடிப்பு | கல்லூரி உள்ளவரை | நெடுங்காலம் | சரிபார்ப்புப் பக்கம் உள்ளவரை | கட்டணம் உள்ளவரை |
| ஊழியர் உழைப்பு | தொடர்ந்து, சிதறலாக | தொடக்கத்தில் மிக அதிகம் | புதுவகைத் திறன் தேவை | தொடக்கத்தில் குறைவு, வெளியேறும்போது அதிகம் |

## எந்தச் சூழலுக்கு எது?

நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எல்லாத் தகவலையும் அதில் கொட்டுவதே மிகத் தவறான முடிவு என்று கருதுகிறேன். சான்றளிக்கப்பட்ட முடிவுகளுக்குக் களஞ்சியமும், அங்கிருந்து மாணவருக்கு வாலட் சான்றும் வழங்குவது இப்போதைக்குச் சமநிலையான ஏற்பாடு. களஞ்சியம் அடையாளத்தையும் நீடிப்பையும் பார்த்துக்கொள்ளும். யாரிடம் எதைக் காட்டுவது என்பதை மாணவர் பார்த்துக்கொள்வார். இதற்கான பொது அதிகாரமோ நிதியோ இல்லாத இடத்தில், முதல் வழியில் தொடங்கி, பரிமாற்ற வடிவத்தை மட்டும் திறந்த தரநிலையில் வைத்துக்கொண்டால் பின்னர் எந்தப் பக்கமும் நகரலாம். திட்டப்பணிகளுக்கும் தனிப்பட்ட குறிப்புகளுக்கும் தனியார் தளம் போதும். மாணவர் வெளியேறும்போது அவற்றை அவரே எடுத்துச்செல்லட்டும்.

எந்த ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கும் முன்பாக, கடந்த கல்வியாண்டில் பங்கேற்கும் நிறுவனங்களுக்கிடையே உண்மையிலேயே இடம் மாறிய ஐம்பது மாணவர்களின் பதிவுகளை எடுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலக ஊழியர்களையும் கணினிப் பிரிவையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அவற்றைக் கையாலேயே ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரால் நின்றவை எத்தனை, பாடம் பாடத்துக்கு ஈடா என்ற கேள்வியால் நின்றவை எத்தனை, திருத்தம் போய்ச்சேராததால் நின்றவை எத்தனை என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பத்தி நீண்டால் பொது எண்ணுடன் கூடிய களஞ்சியத்துக்கும், மூன்றாவது நீண்டால் மூலத்திலிருந்து நேரடியாகப் பெறும் பரிமாற்றத்துக்கும் பணத்தை ஒதுக்கலாம். இரண்டாவது நீண்டால் மென்பொருள் வாங்குவதை ஓராண்டு தள்ளிவைத்து, பாடக்குழுவைக் கூட்டுவதே சிக்கனம்.